வணிக நிரல்பெயர்ப்பிகளும் சிமேக் உருவாக்க அமைப்பும்: அடையாளம் காணலும் அமைவாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே மூல நிரலை வெவ்வேறு நிறுவனங்களின் நிரல்பெயர்ப்பிகளைக் கொண்டு இயங்குநிரலாக மாற்றும்போது கட்டளைத் தேர்வுகள், இயல்புநிலைகள், உரிம ஏற்பாடுகள் ஆகியவற்றின் வேறுபாடுகள் சிக்கலை உண்டாக்குகின்றன. நிரல்பெயர்ப்பி பற்றிய செய்திகளைத் திட்ட விவரிப்பிலிருந்து பிரித்து வைப்பதே இதற்குச் சீரான தீர்வு என்பதைச் சிமேக் அமைப்பின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: நிரல்பெயர்ப்பி, உருவாக்க அமைப்பு, சிமேக், மிதவைப்புள்ளி, உரிமம்

முன்னுரை

மூல நிரல்களை இயங்குநிரலாக மாற்றும் பணிகளை முறைப்படுத்தும் மென்பொருள் உருவாக்க அமைப்பு எனப்படும். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் உருவாக்கிய மேக் இவ்வகையில் முன்னோடியாகும். அதன் கோப்புகளில் நிரல்பெயர்ப்பியின் பெயரும் தேர்வுகளும் பெரும்பாலும் நேரடியாகவே எழுதப்பட்டன. நிரல்பெயர்ப்பி மாறினால் கோப்பையும் திருத்த வேண்டியிருந்தது. பின்னர்க் கிட்வேர் நிறுவனம் உருவாக்கிய சிமேக், திட்டத்தைப் பொதுவாக விவரிக்கும் கோப்பைப் படித்து, மேக், நின்ஜா, விஷுவல் ஸ்டுடியோ போன்றவற்றுக்குரிய கோப்புகளைத் தானே ஆக்கித் தருகிறது.

வணிக நிரல்பெயர்ப்பி என்பது ஒரு நிறுவனம் தன் உரிம விதிகளுக்கு உட்பட்டு வழங்குவது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஆர்ம், ஐஏஆர் ஆகியவற்றின் கருவிகள் இவ்வகையின. இவற்றுள் விலையின்றிக் கிடைப்பனவும் உண்டு.

அடையாளம் காணல்

சிமேக் முதலில் ஒரு சிறு சோதனை நிரலைப் பெயர்த்துப் பார்க்கிறது. அந்நிரல், முன்செயலி மேக்ரோக்களைக் கொண்டு நிரல்பெயர்ப்பி எந்த நிறுவனத்துக்குரியது, எந்தப் பதிப்பு என்பவற்றைக் கண்டறிகிறது. இங்கு வினவும் வரிசை இன்றியமையாதது. இன்டெல்லின் பழைய நிரல்பெயர்ப்பி, லினக்ஸில் ஜிஎன்யூ நிரல்பெயர்ப்பிக்குரிய மேக்ரோவையும் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டுக்குரிய மேக்ரோவையும் தானும் வரையறுக்கிறது. எனவே, இன்டெல்லுக்கே உரிய மேக்ரோவை முதலில் வினவாவிடில் அடையாளம் பிழைபடும். எல்எல்விஎம் அடிப்படையிலான புதிய இன்டெல் நிரல்பெயர்ப்பியைச் சிமேக் 3.20ஆம் பதிப்பு முதல் தனி அடையாளத்துடன் குறிக்கிறது. பழைய பெயரை மட்டும் வினவும் திட்டக் கோப்புகள், புதிய கருவிக்குரிய தேர்வுகளை ஓசையின்றி விட்டுவிடும்.

தேர்வு செய்யும் இடம்

எந்த நிரல்பெயர்ப்பி என்பது, திட்டத்தை அறிவிக்கும் கட்டளையின்போதே உறுதியாகிவிடுகிறது. அதற்குப் பின் திட்டக் கோப்பில் அதை மாற்ற முயல்வது முறையன்று. சூழல் மாறிகள் வழியாகவோ, கருவித்தொகுப்புக் கோப்பு வழியாகவோ முன்னரே தெரிவித்தல் வேண்டும். சூழல் மாறிகள் முதல் அமைவாக்கத்தில் மட்டுமே கருதப்படும். முடிவு சேமிப்புக் கோப்பில் பதிந்துவிடும். ஆதலால் நிரல்பெயர்ப்பியை மாற்றும்போது புதிய உருவாக்கக் கோப்புறையில் தொடங்குவதே பாதுகாப்பானது.

இயக்க அமைப்பு இல்லாத உட்பொதி கருவிகளுக்குச் சோதனை நிரலை இணைக்க இயலாமற் போகலாம். அந்நிலையில் சோதனையை நிலைநூலகம் ஆக்குவதோடு நிறுத்துமாறு கருவித்தொகுப்புக் கோப்பில் குறிக்கலாம்.

தேவையைக் கூறல்

ஓபன்எம்பி இணைநிரலாக்கத்துக்கு ஜிசிசி, இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் வெவ்வேறு தேர்வுச் சொற்களைக் கொண்டுள்ளன. அச்சொற்களைத் திட்டக் கோப்பில் எழுதினால் அது ஒரு கருவிக்கு மட்டும் உரியதாகிவிடும். 'ஓபன்எம்பி தேவை', 'சி++17 தரம் தேவை' என்று அறிவித்தால், உரிய சொல்லைச் சிமேக்கே இடுகிறது. இவ்வாறு பொதுமைப்படுத்த இயலாத தேர்வுகளை மட்டும் நிரல்பெயர்ப்பியின் அடையாளத்தைச் சார்ந்த நிபந்தனைக்குள் வைக்கலாம்.

இயல்புநிலை வேறுபாடு

பிழைச்செய்தி தரும் வேறுபாடுகளைவிட, செய்தியே தராத வேறுபாடுகள் கேடு மிக்கவை. மிதவைப்புள்ளிக் கணக்கீடு இதற்குச் சான்று. இரட்டைத் துல்லியத்தில் 10000000000000000 என்ற எண்ணிலிருந்து அதையே கழித்துப் பின் 1 கூட்டினால் விடை 1. எதிர்ம எண்ணோடு 1ஐ முதலில் கூட்டினால், அந்த 1 முழுதாக்கலில் மறைந்து, இறுதி விடை 0 ஆகும். எனவே கூட்டும் வரிசை மாறினால் விடையும் மாறலாம். மைக்ரோசாஃப்ட் நிரல்பெயர்ப்பி இயல்புநிலையில் துல்லிய முறையைப் பின்பற்றுகிறது. இன்டெல் நிரல்பெயர்ப்பியோ விரைவு முறையைப் பின்பற்றி, இத்தகைய வரிசை மாற்றத்துக்கு இடமளிக்கிறது. ஜிசிசியில் சரிபார்த்த அறிவியல் நிரலை இன்டெல்லுக்கு மாற்றுவோர், துல்லிய முறையை வெளிப்படையாகக் குறித்து விடைகளை ஒப்பிட்ட பின்னரே விரைவு முறையை ஏற்பது தகும்.

உரிமமும் சூழலும்

உரிம வழங்கியைச் சார்ந்த நிரல்பெயர்ப்பிக்கு உரிமம் கிட்டாதபோது சோதனை நிரல் பெயர்க்கப்படுவதில்லை. அப்போது சிமேக், நிரல்பெயர்ப்பி எளிய நிரலையும் பெயர்க்க இயலாதது என அறிவிக்கும். இதனைக் கருவியின் பழுதாகக் கொள்ளாமல், செய்தியின் கீழ்ப்பகுதியில் உள்ள நிரல்பெயர்ப்பியின் சொந்த வெளியீட்டைப் படித்தல் வேண்டும். நூலகப் பாதைகளை அமைக்கும் நிறுவனத்தின் சூழல் நிரல் முன்னதாக இயக்கப்பட்டதா என்பதும் நோக்கத்தக்கது.

முடிவுரை

திட்டக் கோப்பு தேவைகளைக் கூற வேண்டும். கருவித்தொகுப்புக் கோப்பு கருவியைக் கூற வேண்டும். உரிமமும் பாதைகளும் சூழலில் அமைய வேண்டும். இம்மூன்றும் கலவாதிருப்பின், நிரல்பெயர்ப்பி மாறும்போது திருத்த வேண்டிய இடம் தெளிவாகும். எனினும் உருவாக்கம் வெற்றி பெறுவது விடை சரியென்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு நிரல்பெயர்ப்பியின்கீழும் சோதனைகளை மீண்டும் இயக்குவது அமைவாக்கத்தின் பகுதியாகவே கொள்ளத்தக்கது.