அடிநாதம் – 9: தந்தி தொடும் பூச்சு

சென்ற வாரம் லியோ ஃபென்டரின் கதையை 1965-ல் நிறுத்தியிருந்தோம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் 1951-ல் பிரிசிஷன் பேஸையும் 1960-ல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தார். பிறகு கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார். அந்த விற்பனைக்கு முன் செய்த கருவிகளுக்கென்று இன்று தனிச் சந்தையே நடக்கிறது. அந்தச் சந்தை மிகவும் அஞ்சும் ஒரு காரியத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்: பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பது.

சந்தையின் சட்டம் கறாரானது. 1962-ல் செய்த ஒரு ஜாஸ் பேஸில் தொழிற்சாலையில் அடித்த பூச்சு அப்படியே இருந்தால் ஒரு விலை. யாராவது சுரண்டி மறுபூச்சு அடித்திருந்தால் ஏறக்குறைய அதில் பாதிதான். வாங்க வருபவர் வாசித்துப் பார்ப்பதற்கு முன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கிறார். நெக்கைக் கழற்றி, அதன் அடிப்பகுதியில் குத்தியிருக்கும் தேதியைப் பார்க்கிறார். பிக்கார்டைத் தூக்கி, வெயில் படாத இடத்தில் நிறம் எப்படியிருக்கிறது என்று ஒப்பிடுகிறார். உள்ளே சாலிடர் பழையதா, புதியதா என்று டார்ச் அடித்துத் தேடுகிறார்.

இந்தச் சட்டத்தின்படி, உலகிலேயே மிக மோசமாகக் கெடுக்கப்பட்ட ஜாஸ் பேஸ் ஒன்று உண்டு. 1962-ல் செய்தது. அதில் ஃப்ரெட்டுகள், அதாவது மெட்டுகள், ஒன்றுகூட இல்லை. ஃபிங்கர்போர்டின் மேல் படகுக்கு அடிக்கிற எபாக்ஸி ஏறியிருக்கிறது. பிக்கார்டு போயே போய்விட்டது. ஒரு கட்டத்தில் பாடி துண்டு துண்டாக உடைந்து, ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. அது ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ். பேஸ் கிட்டாரின் வரலாற்றில் அதைவிட அதிகம் பேசப்பட்ட கருவி இல்லை.

ஜாக்கோ 1951-ல் பென்சில்வேனியாவில் பிறந்து ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். கத்தியால் ஃப்ரெட்டுகளைத் தானே நெம்பி எடுத்ததாக அவர் சொல்லிவந்தார். அவர் கைக்கு வரும்போதே அது ஃப்ரெட் இல்லாமல்தான் இருந்தது என்பவர்களும் உண்டு. எப்படியானாலும், ஃப்ரெட் இருந்த பள்ளங்களில் மரப்பட்டி அடைத்து, அதன் மேல் எபாக்ஸியைப் பல கோட்டாக ஏற்றினார். இதை ஒரு பையனின் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அவர் முன்னால் ஒரு நிஜமான சிக்கல் இருந்தது.

பேஸ் தந்தியில் இரண்டு முக்கிய வகை. எஃகு மையத்தின் மேல் தட்டையான நாடாவைச் சுற்றினால் ஃப்ளாட்வவுண்ட். தொட்டால் வழவழப்பாக இருக்கும், நாதம் மங்கலாக, உருண்டையாக வரும். உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட்வவுண்ட். நாதம் பளீரென்று இருக்கும், ஆனால் தந்தியின் மேற்பரப்பு அரம் மாதிரி. ஃப்ரெட் இருக்கும் வரை அந்த அரம் உலோகத்தின் மேல்தான் உரசும். ஃப்ரெட்டை எடுத்துவிட்டால் நேராக ரோஸ்வுட் மரத்தை அறுக்கும். சில மாதங்களில் ஃபிங்கர்போர்டில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்துவிடும். அதனால் ஃப்ரெட்லெஸ் வாசித்தவர்கள் ஃப்ளாட்வவுண்டோடு ஒதுங்கிக்கொண்டார்கள். ஜாக்கோவுக்கு ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்டின் பளபளப்பும் வேண்டும், ஃப்ரெட் இல்லாத வழுக்கலும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தது அந்த எபாக்ஸி.

மரத்தைக் காப்பதற்காக அடித்த பூச்சு நாதத்தையே மாற்றியது. மெத்தென்ற விரல் நுனிக்கும் கண்ணாடி போல் இறுகிய எபாக்ஸிக்கும் நடுவில் அழுந்தும் தந்தி, பலகையின் மேல் மெல்ல உரசிக்கொண்டே அதிர்கிறது. அதனால் சுரம் மீட்டிய உடனே முழுதாக வந்துவிடுவதில்லை. ஒரு கணம் கழித்து வாய் திறந்து விரிகிறது. ஒலி நெடுநேரம் நிற்கிறது, ஹார்மோனிக்ஸ் மணியாக ஒலிக்கிறது. மெட்டுகள் உள்ள வீணைக்கும் மெட்டுகள் இல்லாத கோட்டுவாத்தியத்துக்கும் இருக்கும் தூரத்தை நினைத்துப் பார்த்தால், ஃப்ரெட்டை எடுத்ததால் ஜாக்கோவுக்குத் திறந்த வழி நம் காதுக்கு உடனே புரியும்.

1976-ல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பம் ‘டோனா லீ’யில் தொடங்குகிறது. டான் அலயஸின் காங்கா தாளமும் இந்த பேஸும் தவிர அந்த உருப்படியில் வேறு கருவி இல்லை. அதே ஆல்பத்தில் உள்ள ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேஸி’ பெரும்பாலும் ஹார்மோனிக்ஸாலேயே கட்டப்பட்டது. மறுவருடம் அவர் வாசித்த வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ வந்தது. அதன் பிறகு, பின்னால் நின்று தாளத்துக்குத் துணைபோகிற கருவி என்று பேஸை யாராலும் சொல்ல முடியவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். பேஸில் பூச்சு நாதத்தை மாற்றுவது தந்தி தொடும் இடத்தில். மற்ற இடங்களில் அது கண்ணுக்கும் கைக்கும் விலைக்கும் உரியது.

சாலிட் பாடி கருவியில் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் சேர்ந்த பிக்கப், தந்தியின் அசைவை நேரடியாக மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. அந்தப் பாதையில் பாடியின் பெயின்ட் குறுக்கே வருவதே இல்லை. ஃபென்டர் அன்று அடித்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரால்தான் அந்த நாதம் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். நம்மூர் பாலிஷ் கடையில் ‘என்.சி.’ என்று கேட்டால் கிடைப்பது அதே வகைச் சரக்குதான். என்.சி.யின் பெருமை வேறு. மெல்லியது; புதுக் கோட்டு பழைய கோட்டைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும், அதனால் ஒரு கீறலை மட்டும் தனியாகச் சரிசெய்யலாம்; வயதானால் மஞ்சள் பூத்து அழகாகும். அறுபதுகளின் கடைசியில் வந்த கெட்டியான பாலியஸ்டர் பூச்சு தின்னருக்கு அசையாது. அடிபட்டால் சில்லாகப் பெயரும். இவை பெரிய வித்தியாசங்கள்தான். ஆனால் பராமரிப்பு சம்பந்தப்பட்ட வித்தியாசங்கள்.

மறுபூச்சு தேவைப்படும் கருவிகளும் உண்டு. எப்போதோ யாரோ டப்பாப் பெயின்ட் அடித்துக் கெடுத்த பாடிக்கு இனி இழக்க ஒன்றுமில்லை. அதில் கை வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது பொறுமை.

நெக்கைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளைக் கழற்றி, வயரிங்கைப் படம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். என்.சி.யாக இருந்தால் ரிமூவர் போதும். பாலியஸ்டருக்கு ஹீட் கன்தான். சூடேற்றி, பூச்சு உப்பும்போது பட்டித் தகட்டை உள்ளே விட்டால் பாளமாக வரும். உப்புத்தாள் போடும்போது கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை போகும் திசையில் போட வேண்டும். மெஷினைப் பிடித்தால் லியோ வடிவமைத்த வளைவுகள் தட்டையாகிவிடும். நெக் உட்காரும் குழியின் பக்கம் உப்புத்தாளும் போகக் கூடாது, பெயின்டும் போகக் கூடாது. அந்தப் பொருத்தம் தளர்ந்தாலோ இறுகினாலோ கருவியின் உயிரான இணைப்பு கெட்டுப்போகும். பாடி ஆல்டர் மரமாக இருந்தால் துளைகள் நெருக்கமானவை. ஆஷ் மரமாக இருந்தால் ரேகைப் பள்ளங்களை ஃபில்லர் வைத்து அடைத்தே தீர வேண்டும்.

சன்பர்ஸ்ட்டுக்கு முதலில் மஞ்சள், பிறகு விளிம்பைச் சுற்றி ஸ்ப்ரே கன்னைச் சாய்த்துப் பிடித்துக் கறுப்பு, இரண்டும் கலக்கும் இடத்தில் சிவப்பு. அதன் மேல் கிளியர் லாக்கர், மெல்லிய பல கோட்டுகளாக. மழைக்காலத்தில் என்.சி. அடித்தால் ஈரம் பிடித்து வெள்ளை பூத்துவிடும் என்பது நம் பாலிஷ்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் நாள் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். பிறகு மூன்று நான்கு வாரம் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் தின்னர் வாடை கொஞ்சமும் அடிக்கக் கூடாது. அப்போதுதான் 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பர் போடலாம். திருகுத் துளைகளுக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, அந்த இடத்தில் பூச்சு வெடிக்கும். என்.சி.யின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல். கார்பன் வடிகட்டி உள்ள மாஸ்க் போடாமல், காற்றோட்டம் இல்லாத அறையில், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

எபாக்ஸி போர்டு இதைவிட நுட்பமான வேலை. ஃபென்டரின் பழைய ஃபிங்கர்போர்டு தட்டையானதில்லை, 7.25 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில் அது. எபாக்ஸியைத் தடிமனாக ஏற்றி, அதே வளைவு கொண்ட கட்டையால் இழைத்து அந்த வில்லை மீண்டும் கொண்டுவர வேண்டும். ஓரிடத்தில் மேடு நின்றாலும் அங்கே தந்தி கரகரக்கும். தொழில் தெரிந்தவர் கையில் கொடுப்பதே நல்லது.

ஜாக்கோவுக்கு நேர் எதிரான சாட்சியும் அதே 1962-ல் செய்ததுதான். டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பிரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட்வவுண்ட் தந்திகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் அதிர்வை அடக்கும் ஸ்பாஞ்ச். ஃபிங்கர்போர்டிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும் தந்திகளை ஒற்றை ஆள்காட்டி விரலாலேயே மீட்டினார். ஜாக்கோ எதையெல்லாம் மாற்றினாரோ அதையெல்லாம் ஜேமர்சன் தொடாமல் விட்டார். ஆனால் இருவரும் தங்கள் நாதத்தைக் கண்டது ஒரே இடத்தில்: விரலும் தந்தியும் பலகையும் சந்திக்கும் இடத்தில்.

தந்தி ஒரு முனை என்றால், காற்றை அசைக்கும் ஸ்பீக்கர் மறு முனை. பேஸின் அடித் தந்தி ‘இ’ நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காற்றில் அதன் ஓர் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். அவ்வளவு பெரிய அலையை எழுப்பப் பெரிய கூம்பும் நிறைய வாட்ஸும் வேண்டும். 1960-ல் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த ஆம்பெக் பி-15 ஆம்ப்ளிஃபையரில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 25 வாட்ஸ். சின்ன அறையில் அதன் வால்வுகள் தரும் வெதுவெதுப்பான நாதத்துக்கு இன்றும் ஈடு சொல்வது கடினம். ஸ்டேடியங்கள் நிரம்பத் தொடங்கியபோது அது போதவில்லை. 1969-ல் ஆம்பெக் எஸ்.வி.டி. வந்தது: 300 வாட்ஸ், 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு. தலைப்பகுதி மட்டுமே கிட்டத்தட்ட 38 கிலோ. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதை எடுத்துப் போனார்கள். ஜாக்கோ வைத்திருந்தது அக்கூஸ்டிக் 360. அதன் 200 வாட்ஸ் பெட்டிக்குள் 18 அங்குல ஸ்பீக்கர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒலி மடிந்த பாதையில் சுற்றி முன்னால் வரும். அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவரைவிட எட்டி இருப்பவருக்கு அடிநாதம் நிறைந்து கேட்கும்.

இன்றைய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டு மூன்று கிலோ எடையில் 500 வாட்ஸ் தருகின்றன. முதுகைக் காப்பாற்றும் இந்த முன்னேற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் வாட்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு பேஸ்களை ஒப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. புரூக்ளினில் 1983 முதல் கையால் செய்யப்படும் ஃபொடேரா பேஸ்கள் பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். அப்படி ஒன்றையும் ஒரு நல்ல ஜாஸ் பேஸையும் ஒப்பிடும்போது முதலில் இரண்டிலும் ஒரே வகைத் தந்தி, ஒரே வயதுத் தந்தி இருக்க வேண்டும். ஒலியளவைச் சமமாக்க வேண்டும். சற்று உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். அடிச்சுரங்களை நம் காது குறைந்த ஒலியில் சரியாக வாங்காது, அதனால் மேடையில் வாசிக்கும் அளவில் வைத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறிப் பாருங்கள். ‘ஜி’ தந்தியில் 5 முதல் 7-வது ஃப்ரெட் பக்கம் சுரம் சீக்கிரம் செத்துப்போகும் கருவிகள் விலையுயர்ந்தவற்றிலும் உண்டு. கடைசியாக, டிரம்ஸோடு வாசியுங்கள். தனியறையில் அசத்தும் கருவி குழுவுக்குள் காணாமல் போவதும், தனியாகச் சாதுவாக இருந்தது அங்கே எழுந்து நிற்பதும் அடிக்கடி நடக்கும்.

ஜாக்கோவின் பேஸ் எண்பதுகளின் நடுவில் உடைந்தபோது கெவின் காஃப்மேன், ஜிம் ஹாமில்டன் என்ற இரு கைவினைஞர்கள் துண்டுகளைச் சேர்த்து, முகத்திலும் முதுகிலும் மெல்லிய மேப்பிள் தகடு ஒட்டி, புதிதாகப் பூச்சு அடித்துக் கொடுத்தார்கள். 1986-ல் அது நியூயார்க்கில் திருடுபோனது. அடுத்த வருடம் ஜாக்கோ 35 வயதில் இறந்தார். நெடுங்காலம் கழித்து வெளிப்பட்ட கருவியை, மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ 2010-ல் பணம் கொடுத்து மீட்டார். தொழிற்சாலைப் பூச்சு அதில் பேருக்குக்கூட மிஞ்சவில்லை. ஃபென்டர் கம்பெனியே இன்று பிக்கார்டு இல்லாமல், எபாக்ஸி ஃபிங்கர்போர்டோடு, தேய்மானம் உட்பட ஜாக்கோ மாடலைச் செய்து விற்கிறது.

என் தீர்ப்பு இது. தொழிற்சாலைப் பூச்சு அப்படியே உள்ள பழைய கருவி கைக்கு வந்தால் அதன் பாடியைத் தொடாதீர்கள். அது வரலாற்று ஆவணம். ஏற்கெனவே கெட்டுப்போனது என்றால் பயப்படாமல் சரிசெய்து வாசியுங்கள். செலவழிக்கக் கையில் காசு இருந்தால் முதலில் தந்திக்கும், ஃப்ரெட் அல்லது ஃபிங்கர்போர்டு வேலைக்கும், ஸ்பீக்கருக்கும் செலவழியுங்கள். வண்ணம் அதற்குப் பிறகுதான்.

(தொடரும்)