மணல் தேர்ந்ததும் கண் தேர்வதும்

காரைக்கால்மேட்டில் வீட்டு வாசலில் எந்தப் பூச்செடி நிற்கலாம் என்பதை ஒரு காலத்தில் மணலும் உப்புக்காற்றும் ஆடுகளும்தான் முடிவு செய்தன. காரைக்காலில் அரசலாறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகே உள்ள மீனவர் ஊர் இது. ஊற்றிய தண்ணீர் மேல்மணலில் தங்காது. வாடையும் கொண்டலும் வீசும் மாதங்களில் கடல்நீரின் நுண்துளி இலைமேல் படியும்; மழை விட்டு வெயில் ஏறியதும் இலையோரம் கருகும். தப்பித் தழைத்ததை ஆடு மேய்ந்துவிடும்.

இந்த மூன்றுக்கும் ஈடுகொடுத்ததில் முதலிடம் அரளிக்கு. தடித்த இலை உப்பைத் தாங்கியது. வேர் முதல் பூ வரை நஞ்சு என்பதால் ஆடு மோந்துவிட்டு விலகியது. அரளிக்கு அடுத்து நந்தியாவட்டை, செம்பருத்தி, மருதாணி. இவற்றில் எதையும் அழகுக்காக நட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். அரளியும் நந்தியாவட்டையும் சாமிக்கு. செம்பருத்தி இலை தலைக்குத் தேய்க்க. மருதாணி வேலிக்கும் கைக்கும். கிணற்றடியில் மட்டும் ஒரு பாத்தி கனகாம்பரம் இருக்கும். அதற்கு மணமில்லை. ஆனால் விடியலில் மீன்கூடையோடு கிளம்புகிற பெண்ணின் தலையில் மல்லிகை மதியத்துக்குள் துவண்டுவிடும். கனகாம்பரம் மாலை வரை வாடாமல் இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே அது பேணப்பட்டது. கண்ணுக்கு அழகாக இருந்தது அதன் கூடுதல் பயன்.

செடிக்கு அன்று விலை கிடையாது. ஐப்பசி மழை தொடங்கியதும் அண்டை வீட்டில் கேட்டு, விரல் தடிமனில் ஒரு கொப்பை ஒடித்து வந்து நட்டால் கார்த்திகை முடிவதற்குள் துளிர்விடும். குழியில் குளத்து வண்டலும் சாணமும் போட்டார்கள். கருவாட்டுக்கு உதவாத மீன் கழிவைச் செடியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் புதைத்தார்கள். ஒரு தெருவில் பூத்த செம்பருத்தி முழுவதும் ஒரே தாய்ச்செடியின் கொப்புகளாக இருந்ததில் வியப்பில்லை.

காகிதப்பூவோ வெகு தொலைவிலிருந்து வந்தது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சியர் கைக்கு வந்தது. அதற்கு 28 ஆண்டுகள் கழித்து, 1767இல், உலகைச் சுற்றக் கிளம்பிய பூகென்வில்லே என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பயணத்தில் சென்ற தாவரவியலாளர் கம்மர்சன் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் இந்தச் செடியைச் சேகரித்தார்.  நாம் பூ என்று பார்க்கும் அந்த ஊதாவும் சிவப்பும் உண்மையில் நிறம் மாறிய இலைகள். நடுவில் இருக்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ. தண்ணீர் மிகுந்தால் இலையாகத் தழைக்கும், காய்ந்தால் நிறமாகப் பூக்கும். கடற்கரை மணலுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன வேண்டும்?

2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இந்தக் கரையில் எடுத்துக்கொண்ட உயிர்களுக்கு முன்னால் செடிகளைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஊரின் வாசல்கள் மாறிய கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடல்நீர் ஏறிய மண்ணை மழை கழுவ வேண்டியிருந்தது. கரையோர வயல்களுக்கு ஜிப்சம் இடவும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும் வேளாண்மைத் துறையினர் சொன்னார்கள். கீற்றுக் கூரைகள் இருந்த இடங்களில் காங்கிரீட் வீடுகள் வந்தன; வேலிக்குப் பதில் மதில் வந்தது. மதில் வந்ததும் ஆடு வெளியே நின்றது. செடியைத் தேர்ந்தெடுத்த மூவரில் ஒருவர் அப்படி விலகினார்.

மணலை விலக்கியது தொட்டி. ஆந்திராவில் கோதாவரிக் கழிமுகத்தில், ராஜமுந்திரியை அடுத்த கடியம் வட்டாரத்து நர்சரிகளிலிருந்து 800 கிலோமீட்டருக்கும் கூடுதலாக லாரியில் பயணம் செய்து செடிகள் இந்தக் கரைக்கு வருகின்றன. இந்தோனேசியத் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்ட குரோட்டன்ஸ், சிவந்த அகாலிபா, மஞ்சள் இலை டுரான்டா, அரேகா பாம், ஒட்டுக்கட்டிய அடீனியம், சிற்றிலை இட்லிப்பூ என்று வரிசை நீள்கிறது. முன்பு நாலைந்து செடிகளுக்குள் அடங்கிய தேர்வு இன்று நாற்பது ஐம்பதாக விரிந்திருக்கிறது. இதைக் குறைவாக மதிக்க எனக்கு மனமில்லை. பயனுக்கு மட்டுமே செடி வளர்த்த வீட்டில், ஒரு பெண் தனக்குப் பிடித்த நிறம் என்பதற்காகவே ஒரு குரோட்டன்ஸ் வாங்கி வைக்க முடிகிறது என்பது பெரிய மாற்றம்.

ஆனால் உப்பு விலகவில்லை. செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் விலைக்கு வந்தாலும் ஊற்றுவது இந்த ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான். மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர்மண். திறந்த மணலில் மழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும். மழை படாத வராந்தாவில் வைத்த தொட்டியிலோ ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் சிறிது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அரேகா பாமின் இலைநுனி காய்வது பெரும்பாலும் அதனால்தான். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும். கிளிஞ்சல் கலந்த சுண்ணாம்பு மணலில் அது இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் வெளிறும். குரோட்டன்ஸுக்கு வேறு சிக்கல். நிறம் ஏற வெயில் வேண்டும், கடற்காற்று நேராகப் படக் கூடாது. வீட்டின் மேற்கு ஓரத்தில் அதற்கு இரண்டும் கிடைக்கும். நிழல் கூடினால் வெறும் பச்சையாகிவிடும்.

அன்று புதைத்த மீன் கழிவு இன்று வெல்லத்தோடு ஊறி, மீன் அமிலம் என்று புட்டியில் விற்கிறது. லிட்டருக்கு 10 மில்லி கலந்து தெளிக்கிறார்கள். நாற்றமும் கம்மி, அளவும் கைவசம். அதுவும் முன்னேற்றம்தான்.

என் மனம் தங்குவது நித்தியகல்யாணியில். மடகாஸ்கரிலிருந்து வந்து இந்த மணலில் தானே முளைத்துப் பரவிய செடி. மயானத்தருகே மண்டியதால் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கி வைத்தார்கள், வீட்டுக்குள் விடமாட்டார்கள். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து அதன் இலையிலிருந்து கிடைக்கிறது. இப்போது அதே செடியின் கலப்பின ரகங்களை வின்கா என்ற பெயரில் நாற்றுத் தட்டோடு விற்கிறார்கள். பூ பெரிது, நிறமும் பலவகை. ஆனால் அடைமழையில் தண்ணீர் தேங்கினால் வேரழுகிச் சாய்ந்துவிடுகிறது. சுவருக்கு வெளியே விதை விழுந்து முளைத்த பழைய ஊதாநிறச் செடி அந்த மழையைத் தாண்டி நிற்கிறது. ஒதுக்கிய செடி விலைபெற்று உள்ளே வந்தது. அதன் வலிமையில் பாதி வெளியிலேயே நின்றுவிட்டது.

முழுதாக இழந்தது மணத்தைத்தான். மணல்மேடுகளில் புதராக நின்ற தாழை, மேடுகள் நிரவப்பட்ட இடங்களிலெல்லாம் போய்விட்டது. தாழம்பூ மடலைச் சடையில் வைத்துப் பின்னிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. இன்று வாங்கும் இலைச்செடிகளில் மணமுள்ளது ஒன்றுகூட இல்லை.

புதிதாக வீடு கட்டி மதிலை ஒட்டி எதை வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடலைப் பார்த்த கிழக்கில் அரளியும் காகிதப்பூவும் நேராக மணலில் நிற்கட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியைத் தவிர்த்துக் காகிதப்பூ மட்டும் போதும். அவற்றின் மறைவில் செம்பருத்தி, நந்தியாவட்டை. அதற்கும் உள்ளே, சுவரின் காப்பில், குரோட்டன்ஸும் அடீனியமும் தொட்டிகளில். ஐப்பசி மழையில் தொட்டிகளை ஒருமுறை வெளியே தூக்கி வைத்தால் தங்கிய உப்பு கழுவிப்போகும். அடீனியம் மட்டும் உள்ளேயே இருக்கட்டும், அடைமழையில் அதன் கிழங்கு அழுகும். வேகமாக மறைப்புக் கட்டும், உப்பையும் தாங்கும் என்று கோனோகார்ப்பஸைப் பரிந்துரைப்பார்கள். 2023இல் குஜராத் அரசு தடை செய்த செடி அது, வேண்டாம். கிணற்றடி இல்லாத வீட்டிலும் துணி துவைக்கும் குழாயடி இருக்கும். சோப்புத் தண்ணீர் ஓடாத பக்கமாகப் பார்த்து, அங்கே ஒரு பாத்தி கனகாம்பரம்.