இரண்டு பிளக், மூன்று வால்வு

சந்தையில் நம் இடம் – 11

டி.வி.எஸ். நிறுவனம் 2007 டிசம்பரில் ‘ஃபிளேம்’ என்ற 125 சிசி பைக்கை அறிமுகம் செய்தது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைப்பது தங்கள் காப்புரிமை என்று பஜாஜ் வழக்குக்கு வந்தது. அதன் கையில் இருந்தது 2002-ல் விண்ணப்பித்து 2005-ல் பெற்ற 195904 என்ற எண்ணுள்ள காப்புரிமை.

2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஃபிளேமுக்கு இடைக்காலத் தடை விதித்தார். டி.வி.எஸ். ஒற்றை பிளக்குடன் அதே பைக்கை விற்க வேண்டியதாயிற்று. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. வழக்கை விரைந்து முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே சொன்னது. ஆனாலும் 2019-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்ட பிறகுதான் விவகாரம் ஓய்ந்தது.

இவ்வளவு நீண்ட சண்டையின் மையம் சில வரிகள்தான். காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் ‘உரிமைக்கோரல்’ என்று எண்ணிட்டு வரும் வரிகள் அவை. பத்திரத்தில் நான்கெல்லை எப்படியோ, காப்புரிமையில் இவை அப்படி. பஜாஜின் கோரலில் சிலிண்டரின் உள்விட்டம் 45 முதல் 70 மி.மீ. என்றும், இரண்டு வால்வு என்றும், இரண்டு பிளக் என்றும் இருந்தது. தங்கள் எஞ்சினில் மூன்று வால்வு என்றது டி.வி.எஸ். வால்வின் எண்ணிக்கை முக்கியமல்ல, இரட்டை பிளக்தான் கண்டுபிடிப்பின் உயிர் என்றது பஜாஜ். இரட்டை பிளக் ஏற்கெனவே இருந்ததுதான் என்று காட்ட, ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையை டி.வி.எஸ். எடுத்து வைத்தது.

பம்பு, கிரைண்டர், விவசாயக் கருவி என்று எதைத் தயாரிப்பவரும், பிறர் காப்புரிமைகளைத் தேடிக் கோரல்களைத் தம் பொருளோடு ஒப்பிடும் வேலையை டை வெட்டக் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளமும் ஐரோப்பிய அலுவலகத்தின் ‘எஸ்பாசெநெட்’டும் இலவசம். போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அதோடு நின்றுவிடாமல், தொழில்நுட்பத்தின் வகைப்பாட்டு எண்ணாலும் தேடுங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்பார்க் பிளக் கொண்ட அமைப்புகளுக்கு உலகமெங்கும் F02P 15/02 என்பதே எண். நீங்கள் கேள்விப்பட்டிராத நிறுவனங்களின் ஆவணங்களும் அதில் அகப்படும்.

ஆவணம் கிடைத்ததும் கோரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு அம்சமும் உங்கள் பொருளில் இருக்கிறதா என்று எழுதிப் பாருங்கள். பிறகு அதன் நிலையைப் பாருங்கள். காப்புரிமைக்கு ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் அதற்கு முன்பே காலாவதியாகும். வெளிநாட்டுக் காப்புரிமை இந்தியாவில் உங்களைத் தடுக்காது. ஆனால், இங்கே ஒருவர் புதிதென்று சொல்வது புதிதல்ல என்று நிரூபிக்க அது உதவும். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும் என்பதால், சில மாதங்கள் கழித்து மறுபடியும் தேடுங்கள். சந்தேகம் மிச்சமிருந்தால் காப்புரிமை முகவரிடம் போங்கள். நீங்கள் எழுதி வைத்த பட்டியல் அவர் வேலையைப் பாதியாக்கும்.

காப்புரிமை வழங்கப்படும் முன் அதை எதிர்த்து மனு கொடுக்க, சட்டத்தின் 25(1) பிரிவு யாருக்கும் இடம் தருகிறது. பெரிய நிறுவனம் ஒன்று ஊரறிந்த உத்தியைத் தனதென்று கோரினால், ஒரு சிறு பட்டறைக்காரரும் பழைய ஆவணத்தைக் காட்டி மறுக்கலாம். அந்த உரிமை, தேடிப் படித்து வைத்திருப்பவருக்கே பயன்படும்.

(தொடரும்)