வெண்ணெய் வாசம் மரத்திலிருந்து வருவதில்லை

தி. நகரிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் பழவண்டிகளில் பன்னீர் திராட்சை கண்ணில் படாத மாதம் அரிது. பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்குச் சரக்கு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், பந்தல், முறைவைத்துக் கவாத்து என்று இரண்டு ஆண்டில் ஐந்து மகசூல்கூட எடுத்துவிடுகிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்க வேண்டிய கொடி இது. கம்பத்தில் அதற்கு உறக்கமே கிடையாது. எப்போது துளிர்க்க வேண்டும் என்பதைக் கவாத்துக் கத்திதான் முடிவு செய்கிறது.

அதே இனத்தின் இன்னொரு வகை, நன்றாக உறங்கி எழுவது, ஷார்டனே என்ற ஒயின் திராட்சை. பினோ, கூவே பிளாங்க் என்ற இரண்டு வகைகள் கலந்து பிறந்த வெள்ளைத் திராட்சை என்று 1999-இல் மரபணுச் சோதனை காட்டியது. அதன் சொந்த ஊர் பிரான்ஸின் பர்கண்டி. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்க, அது 47-ஐ ஒட்டி இருக்கிறது. அங்கே ஆபத்து வெயிலால் அல்ல, வசந்தகால உறைபனியால். 2021 ஏப்ரலில் பர்கண்டியின் சாப்ளி பகுதியில் இளந்துளிர்கள் பெருமளவில் கருகின. அதைத் தடுக்க அங்கே ஒரு வினோத வழி உண்டு: உறையும் இரவில் கொடிமேல் தண்ணீர் தெளிப்பது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது வெப்பத்தை வெளிவிடும். தெளித்துக்கொண்டே இருந்தால், உள்ளே துளிர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே நின்று பிழைத்துக்கொள்ளும்.

குளிர் ஊரில் இத்தனை பாடு படுவதும் புளிப்புக்காகத்தான். காயில் இருக்கும் மாலிக் அமிலத்தை, பழுக்கும்போது கொடியே எரித்துத் தீர்க்கும். வெப்பம் கூடினால் அது வேகமாகத் தீரும். இரவு குளிர்ந்தால் மிஞ்சும். சென்னையின் மே மாத இரவுபோல 28 டிகிரியிலேயே நின்றால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு காணாமல்போகும்.

மிஞ்சிய மாலிக் அமிலத்துக்குக் காத்திருப்பது ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா. ஈஸ்ட் சாற்றை மதுவாக்கிய பிறகு இது மாலிக் அமிலத்தைத் தின்று, தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. சுள்ளென்ற புளிப்பு தணிகிறது. போகிற போக்கில் டைஅசிட்டைல் என்ற பொருளும் உண்டாகிறது. வெண்ணெய்க்கு மணம் தருவதும் அதுதான். மயிலாப்பூர் வீடுகளுக்கு இந்தப் பாக்டீரியாக் குடும்பம் புதிதல்ல. இட்லி மாவைப் பொங்கவைப்பது லியூகோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ். ஒயின் பாக்டீரியாவுக்கும் 1995 வரை லியூகோநாஸ்டாக் ஈனோஸ் என்றுதான் பெயர்.

ஆக, ஷார்டனேயைச் சுவைத்துவிட்டு “வெண்ணெய்” என்று ஓக் பீப்பாயைக் கைகாட்டுகிறவர்கள் ஆளை மாற்றிச் சொல்கிறார்கள். பர்கண்டியின் மெர்சோ போன்ற ஊர்களில் இந்த நொதிப்பு 228 லிட்டர் பீப்பாய்க்குள்ளேயே நடக்கிறது; அதனால் பெயர் மரத்துக்குப் போய்விட்டது. மரத்தின் பங்கு வேறு. ஓக் பலகையை இரண்டு மூன்று ஆண்டு வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, நெருப்பின்மேல் வாட்டி வளைப்பார்கள். சூட்டில் லிக்னின் உடைந்து வெனிலா மணம் பிறக்கும். ஓக்கிலேயே இருக்கும் லாக்டோன் தேங்காய் வாசம் தரும். பீப்பாய் பழசாகப் பழசாக இதெல்லாம் குறையும். சாப்ளிக்காரர்களில் பலர் மரமே வேண்டாம் என்று எஃகுத் தொட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அவர்கள் கட்சி பிடிக்கும்.

பன்னீர் திராட்சைக்கு இந்த ஒப்பனை எதுவும் ஒத்துவராது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த வகையில் ஜெரானியோல், லினலூல் என்று ரோஜாப்பூவில் உள்ள மணப்பொருள்கள் பழத்திலேயே இருக்கின்றன. ஷார்டனேக்குச் சொந்த மணம் குறைவு. அதனால்தான் பாக்டீரியாவும் மரமும் எழுதுவது அதன்மேல் தெளிவாகப் பதிகிறது.

இந்தியாவிலும் ஷார்டனே விளைகிறது, குறிப்பாக மகாராஷ்டிரத்தில். மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, ஹைட்ரஜன் சயனமைடு பூசி மொட்டை எழுப்பி, குளிர் மாதங்களில் காய்க்கவைத்து, கோடைக்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். அப்படியும் பகல் வெயில் மாலிக் அமிலத்தைத் தின்றுவிடும். ஆகவே வெப்ப நாட்டு ஒயின் தயாரிப்பாளர்கள் பலர் ஈனோகாக்கஸைத் தொட்டிக்குள் வேலை செய்யவே விடுவதில்லை. குளிர்வித்து, கந்தக டைஆக்சைடு சேர்த்து அடக்கிவைக்கிறார்கள். இருக்கிற கொஞ்சப் புளிப்பும் போனால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.