மைக்ரோகிளியாவும் மூளையின் இணைப்புகளும்

மைக்ரோகிளியா என்பவை மூளையிலும் தண்டுவடத்திலும் வாழும் நோயெதிர்ப்புச் செல்கள். கிருமிகளை எதிர்ப்பதும் இறந்த செல்களை விழுங்கி அகற்றுவதும் மட்டுமே இவற்றின் வேலை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நரம்புச் செல்களுக்கு இடையே எந்த இணைப்பு நிலைக்கும், எது நீங்கும் என்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு என்பது 2005-க்குப் பின் வந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. குழந்தையின் மூளையைச் சீராக்கும் இந்தச் செயலே, மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு நினைவாற்றல் குறையவும் காரணமாகலாம்.

தோற்றமும் இயல்பும்

ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்டேகா, வெள்ளி உப்பால் சாயமேற்றும் முறையைக் கொண்டு 1919-ல் இச்செல்களைத் தனி வகையாக அடையாளம் கண்டு பெயரிட்டார். நரம்புச் செல்கள் உருவாகும் அதே திசுவிலிருந்து இவை உருவாவதில்லை. கருவளர்ச்சியின் தொடக்கத்தில் கரு உணவுப்பையில் தோன்றும் முன்னோடிச் செல்கள் மூளைக்குள் குடியேறி மைக்ரோகிளியாவாக மாறுகின்றன. சுண்டெலிகளில் இது 2010-ல் நிறுவப்பட்டது.

நோயில்லாத மூளையில் இவை சும்மா இருப்பதாக முன்பு எண்ணினர். 2005-ல் உயிருள்ள சுண்டெலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இவற்றின் மெல்லிய கிளைகள் ஓயாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்ப்பது தெரிந்தது.

இணைப்புகளைக் குறைத்தல்

இரு நரம்புச் செல்கள் தகவல் பரிமாறும் இடம் சினாப்ஸ் எனப்படும். வளரும் மூளை தேவைக்கு அதிகமான சினாப்ஸ்களை முதலில் உருவாக்கிக்கொள்கிறது. மனித மூளையின் முன்பகுதிப் புறணியில் சினாப்ஸ் அடர்த்தி 1 முதல் 2 வயதில் உச்சத்தை அடைகிறது என்றும், அது பெரியவர்களின் சராசரியைவிட ஏறத்தாழ 50% அதிகம் என்றும் பீட்டர் ஹட்டன்லாகர் 1979-ல் காட்டினார். பதின்ம வயதுக்குள் இந்த மிகுதி படிப்படியாகக் குறைகிறது.

இதற்கு வாழைத் தோட்டத்தை ஒப்பிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டியோ செவ்வாழையோ பயிரிடுபவர் பக்கக் கன்றுகளை எல்லாம் வளர விடுவதில்லை. விட்டால் தாய் வாழையின் குலை சிறுத்துப்போகும். வேண்டிய கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டுவார். மூளையிலும் அதிகம் பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பயன்பாடு குறைந்தவை நீக்கப்படுகின்றன.

எதை நீக்குவது என்பதற்கு வேதியியல் அடையாளங்கள் உண்டு. இரத்தத்தில் கிருமிகளின் மீது ஒட்டி அவற்றைக் காட்டிக்கொடுக்கும் நிரப்புப் புரதங்களான சி1க்யூ, சி3 ஆகியவை சினாப்ஸ்களை நீக்குவதிலும் பயன்படுகின்றன என்பதை பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரெஸ் உள்ளிட்டோர் 2007-ல் வெளியிட்டனர். கண்ணிலிருந்து மூளைக்கு வரும் நரம்பு முனைகளை மைக்ரோகிளியா விழுங்குவதை 2012-ல் ஸ்டீவன்ஸின் ஆய்வகம் காட்டியது. இரண்டு கண்களிலிருந்து வரும் முனைகள் போட்டியிடும்போது, செயல்பாடு குறைந்த பக்கத்து முனைகளே அதிகம் விழுங்கப்பட்டன. சி3 இல்லாத சுண்டெலிகளில் மிகுதியான இணைப்புகள் நீங்காமல் தங்கிவிட்டன. இதற்கு மாறாக, சிடி47 என்னும் புரதம் 'விழுங்காதே' என்ற அடையாளமாக நின்று சினாப்ஸைக் காப்பது 2018-ல் தெரியவந்தது.

மைக்ரோகிளியா நீக்குவதோடு நிற்பதில்லை. இவை சுரக்கும் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி, கற்றலின்போது புதிய சினாப்ஸ்கள் உருவாகத் துணைபுரிகிறது என்பது 2013-ல் சுண்டெலிகளில் காட்டப்பட்டது.

காய்ச்சலுக்குப் பின்

வெட்ட வேண்டாததையும் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை வைரஸ் நோய்களில் காணலாம். தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது வேலூரில், 1955-ல். நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுக்கள் இதைப் பரப்புகின்றன. பன்றிகளிடமும் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமும் வைரஸ் பெருகுகிறது. தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே மூளை பாதிக்கப்படுகிறது. அவ்வாறு பாதிக்கப்பட்டவர்களில் 30% வரை இறக்கலாம். பிழைத்தவர்களிலும் பலருக்கு நினைவு, பேச்சு, நடத்தை ஆகியவற்றில் நிலையான குறைபாடு தங்கிவிடுகிறது.

மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாசுவின் குழு இந்நோயில் மைக்ரோகிளியாவின் பங்கை ஆராய்ந்தது. தூண்டப்பட்ட மைக்ரோகிளியா வெளியிடும் அழற்சிப் பொருள்கள் நரம்புச் செல்களைக் கொல்கின்றன என்று 2007-ல் இக்குழு காட்டியது. மைக்ரோகிளியாவின் தூண்டலைத் தணிக்கும் மினோசைக்ளின் என்ற மருந்து சுண்டெலிகளில் பாதிப்பைக் குறைத்தது. ஆனால் மூளையழற்சி நோயாளிகளிடம் நடந்து 2016-ல் வெளியான மருத்துவச் சோதனையில், இறப்பு உறுதியாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. சுண்டெலியில் பலித்தது மனிதரிடம் அப்படியே பலிப்பதில்லை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த மேற்கு நைல் வைரஸ் குறித்து 2016-ல் அமெரிக்காவில் ராபின் கிளைனின் குழு வெளியிட்ட ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. தொற்றிலிருந்து மீண்ட சுண்டெலிகள் வழியை நினைவில் வைக்கத் தடுமாறின. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் சினாப்ஸ்கள் குறைந்திருந்தன. மைக்ரோகிளியா அவற்றை விழுங்கியிருந்தது. சி3 இல்லாத சுண்டெலிகளில் இந்த இழப்பு ஏற்படவில்லை. குழந்தைப் பருவத்தில் இணைப்புகளைச் சீராக்கும் அதே முறை, நோய்க்குப் பிறகு தேவையான இணைப்புகளின் மேல் திரும்பியிருந்தது.

அல்சைமர் நோயின் தொடக்கத்திலும் நிரப்புப் புரதங்கள் வழியே சினாப்ஸ் இழப்பு நேர்வது 2016-ல் சுண்டெலி மாதிரிகளில் காணப்பட்டது. மனச்சிதைவு நோய்க்கான வாய்ப்போடு சி4 மரபணுவுக்குத் தொடர்பிருப்பதும் அதே ஆண்டில் கண்டறியப்பட்டது.

அறிய வேண்டியவை

இழந்த சினாப்ஸ்களை மீட்டுத் தரும் மருந்து இன்று மருத்துவமனைகளில் இல்லை. எனவே தடுப்பதே முதன்மையானது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவும் மாவட்டங்களில் குழந்தைகளுக்கு 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் இலவசத் தடுப்பூசி போடப்படுகிறது. நாஞ்சில் நாட்டைப் போல வயலும் குளமும் சூழ்ந்த ஊர்களில் மாலையிலும் இரவிலும் கொசுக்கடியிலிருந்து குழந்தைகளைக் காப்பதும் தேவை.

மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தை படித்ததை மறந்தாலோ கவனம் சிதறினாலோ, அதைச் சோம்பல் என்று கண்டிப்பது தவறு. காய்ச்சல் விட்ட பிறகும் மூளையில் பாதிப்பு தங்கியிருக்கலாம். அத்தகைய குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனையும் தொடர் பயிற்சியும் பள்ளியின் பொறுமையும் தேவை.