கைமாத்து முதல் கார்டு வரை – 14: ஒரு டீக்குள் நாலு எஸ்எம்எஸ்

போன வருஷம் அக்கா மகனுக்கு பைக் எடுக்கத் துணைக்குப் போயிருந்தேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை. முன்பணம் கையில் இருந்தது, மிச்சத்துக்கு லோன். ஷோரூமின் பைனான்ஸ் மேஜையில் இருந்த பையன் ஆதார், பான் ஜெராக்ஸை வாங்கினான், போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டான், ரெண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினான். "டீ சாப்பிட்டுட்டு வாங்க சார், பத்து நிமிஷம்."

எதிர்க்கடையில் டீ ஆறுவதற்குள் மருமகன் போனில் நாலு எஸ்எம்எஸ். நாலு கம்பெனிகள் அவனுடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்திருந்தன.

"நாம ஒரு லோன்தானே மாமா கேட்டோம்?"

கேட்டது ஒன்றுதான். முதலில் எவன் சரி என்கிறானோ அவனிடம் முடித்துவிடலாம் என்று மேஜைப் பையன் நாலு பக்கமும் தள்ளிவிட்டான். அன்றைக்கு வண்டி வெளியே போனால்தான் அவனுக்குக் கமிஷன். அந்த எஸ்எம்எஸ்ஸாவது வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவு போட்டு, 2024 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது.

நம் ஊரில் கடன் விவரம் சேகரிக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். எல்லா நகலும் ஜெராக்ஸ் ஆனதைப்போல எல்லா ஸ்கோரும் 'சிபில்' ஆகிவிட்டது. 300-லிருந்து 900 வரை ஓடும் அந்த எண்ணை நீங்களே தினமும் எடுத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது. நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவும் வேண்டும். நீங்கள் கடன் கேட்டு, அதற்காக வங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ எடுத்துப் பார்த்தால்தான் அது என்கொயரி.

அதனால் எவ்வளவு குறையும்? அமெரிக்காவில் ஸ்கோர் கணக்குப் போடும் ஃபைகோ நிறுவனம் இதை ஓரளவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு என்கொயரிக்குப் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து புள்ளிக்கும் குறைவு. அறிக்கையில் இரண்டு வருஷம் கிடக்கும். ஸ்கோர் கணக்கில் கடைசி 12 மாதத்தில் வந்தவை மட்டுமே சேரும். வீட்டுக் கடனுக்கு வட்டி விசாரித்துக் குறுகிய நாட்களுக்குள் பல வங்கி ஏறினால் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான். அது அந்த ஊர்க் கணக்கு; அதை நம்பி இங்கே ஒரே வாரத்தில் ஐந்து வங்கியில் மனுப் போட்டுவிடாதீர்கள்.

பத்து வருஷமாகத் தவணை கட்டி வரும் வாத்தியாருக்கு ஒரு என்கொயரி கொசுக்கடி. முதல் கடனே இன்னும் வாங்காத என் மருமகனைப் போன்றவர்களுக்கு அறிக்கையில் எழுதியிருப்பதே அந்த நாலு வரிதான்.

என்னைக் கேட்டால், புள்ளிக் குறைவைவிட அந்த வரிகள்தான் விஷயம். யார் பார்த்தார்கள், எந்தத் தேதியில், எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்று அதில் இருக்கும். கடன் கிடைத்ததா, மறுத்தார்களா என்பது அந்த வரியில் இருக்காது. நாலு என்கொயரி, ஒரே கடன் என்று பார்க்கும் அதிகாரி மீதியைத் தானே ஊகித்துக்கொள்வார். ஜாதகம் நாலு வீட்டுக்குப் போய்வந்தது என்று தெரிந்தாலே 'ஏன் தட்டிப்போச்சாம்?' என்று கேட்கிற ஊர்தானே இது.

காசு கொடுத்தால் என்கொயரியை அழித்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். நீங்கள் கேட்காத கடனுக்கு வரி ஏறியிருந்தால் நீங்களே புகார் கொடுக்கலாம், செலவில்லை. 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. கேட்ட கடனுக்கு ஏறிய வரியை அழிக்க வழியில்லை. மாதங்கள் போகப் போக அதன் கனம்தான் குறையும். அதுவரை புதிதாக எங்கும் கேட்காமல், இருக்கிற தவணையைத் தேதி தவறாமல் கட்ட வேண்டும்.

மருமகன் கட்டினான். ஆறு மாதம் கழித்து அக்காவுக்கு ஒரு தையல் மிஷின் வாங்க வங்கியில் சின்னக் கடன் கேட்டுப் போனோம். மேனேஜர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஒரே நாள்ல நாலு இடத்துல கேட்டிருக்கீங்களே தம்பி, அவ்வளவு அவசரமா?"

"நான் கேக்கலை சார், ஷோரூம்ல அவங்கதான்..."

"கையெழுத்து உங்களுதுதானே?" என்றார் அவர்.