ஏசி ஸ்டாண்டுக்கு எந்த போல்ட்? படூர்வாசிகள் கவனிக்க!

ஓஎம்ஆரில் உள்ள படூருக்குக் கோவளம் கடற்கரை கிட்டத்தில்தான். அந்த உப்புக்காற்று முதலில் அரிப்பது வெளிச்சுவரில் உள்ள ஸ்குரூ, போல்ட்டைத்தான். பளபளன்னு இருக்கும் சாதா போல்ட்டில் இருப்பது மெல்லிய துத்தநாகப் பூச்சு. ஹாலில் கடிகாரம் மாட்ட அது போதும். மாடிச் சுவரில் ஏசி அவுட்டோர் யூனிட்டைத் தாங்கினால், துருப்பிடித்து விழும்போது கீழே யார் நிற்கிறார்களோ!

கடையில் 'எஸ்எஸ்' என்று மட்டும் கேட்காதீங்க. 316 கிரேடு கேளுங்க. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் 304-ஐ விட உப்பைத் தாங்கும். காந்தம் வைத்தெல்லாம் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. போல்ட் தலையில் 'ஏ4' என்று பொறித்திருந்தால் 316 வகை, 'ஏ2' என்றால் 304 வகை.

சுவர் ஏஏசி பிளாக்கா? கான்கிரீட்டுக்கான ஆங்கர் போல்ட் விரியும்போது பிளாக்கே உடையலாம். துளையை மறுபக்கம் வரை போட்டு, பிளேட் வைத்து நட் முடுக்கச் சொல்லுங்க.